காலடிப்பேட்டையிலிருந்து டொராண்டோவுக்கு எத்தனை மணி நேரம்?

மகளுக்குப் பிரசவம் டொராண்டோவில்தான் என்று முடிவானதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அது எவ்வளவு தூரம்?" என்பது. நாங்கள் இருப்பது வட சென்னையில், காலடிப்பேட்டையில். கைப்பேசியில் தேடினேன். சென்னையிலிருந்து 13,400 கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் 15 மணி என்று வந்தது. "அவ்வளவுதானா? கன்னியாகுமரிக்கு ரயிலில் போகிற நேரத்தோடு இன்னும் இரண்டு மணி நேரம்" என்று நிம்மதியாகக் கருவேப்பிலைப் பொடி இடிக்கப் போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அந்த எண்ணை நம்பினேன். சென்னைத் துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நம்பியிருக்கக் கூடாது. கப்பல்களின் வருகை நேரத்தைக் குறித்து வைப்பதும் என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரமிடும் என்றுதான் தெரியும். அதற்குப் பெர்த் (கரையோரம் கப்பல் வந்து நிற்கும் இடம்) எப்போது கிடைக்கும், கப்பலை உள்ளே நடத்தி வரும் பைலட் எப்போது ஏறுவார், சரக்கு எப்போது இறங்கும் என்பதெல்லாம் வேறு கணக்கு. சில கப்பல்கள் கடலில் ஓடிய நாட்களைவிட வெளியே காத்துக் கிடந்த நாட்கள் அதிகம். இதைத் தினமும் பார்த்தவன், சொந்தப் பயணம் என்று வந்ததும் வகுத்தல் கணக்கோடு நின்றுவிட்டேன்.

முதலில் அந்த 13,400 எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. சென்னை ஏறக்குறைய கிழக்கு 80 டிகிரியில் இருக்கிறது. டொராண்டோ ஏறக்குறைய மேற்கு 80 டிகிரியில். இரண்டுக்கும் நடுவே 160 டிகிரி. இன்னும் 20 டிகிரி கூடினால் நேர் எதிர்ப்பக்கம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே கோடு போகும். அந்தக் கோட்டின் மேல் திசை மாறாமல் பறந்தால் 15,700 கிலோமீட்டர் ஆகிவிடும். பாரிமுனையில் வாங்கிய சின்ன உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் மேற்கே போகவே இல்லை. நேர் வடக்கே கொஞ்சம் சாய்ந்து ஏறியது. பஞ்சாப், தஜிகிஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைகள், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து, பிறகு கனடாவுக்குள் இறக்கம். தூரம் 120 டிகிரி வளைவு. கப்பல்காரர் கணக்கில் டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 7,200 கடல் மைல் சொச்சம். கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர், பெருக்கிப் பார்த்தால் கைப்பேசி சொன்ன எண் சரியாக வந்து நிற்கிறது.

எண் சரிதான், ஆனால் அந்த வழியில் பறக்கும் விமானம் கிடையாது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடிச் சேவையே இல்லை. இயந்திரத்தால் முடியாது என்பதல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். தினமும் அத்தனை பேர் சென்னையிலிருந்து ஏற வேண்டுமே. ஆகவே டில்லி, துபாய், தோஹா, லண்டன், பிராங்பர்ட் என்று எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறுவார்கள். "துபாய் வழியாகப் போனால் சுற்று அதிகம், ஐரோப்பா வழிதான் குறுக்கு" என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் அடித்துச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னை–துபாய் 2,930, துபாய்–டொராண்டோ 11,080. மொத்தம் சுமார் 14,000 கிலோமீட்டர். பிராங்பர்ட் வழி 13,940. லண்டன் வழியும் கிட்டத்தட்ட அதே. வித்தியாசம் அறுபது, எழுபது கிலோமீட்டர். இங்கிருந்து காஞ்சிபுரம்கூட இல்லை. வானத்தில் ஐந்து நிமிடம். வழியைத் தேர்ந்தெடுக்கத் தூரத்தைப் பார்ப்பதில் பயனே இல்லை. இடைநிற்கும் ஊரில் எத்தனை மணி நேரம், மாறுவதற்கு அங்கே விசா கேட்பார்களா, ஒரே டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். விமானம் மாறுவதற்கு மட்டுமே தனி விசா கேட்கும் நாடுகள் உண்டு. கையில் கனடா விசா இருந்தால் விலக்கு தருவதும் உண்டு. விதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பார்ப்பதே சரி. தெரிந்தவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் போனதைக் கேட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2019 டிசம்பர், முதல் பயணம். டில்லியிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம். சென்னை–டில்லி மட்டும் தனியாக, வேறொரு நிறுவனத்தில், மலிவாகப் போட்டேன். 9,000 ரூபாய் மிச்சம் என்று மகளிடம் பெருமையடித்தேன். காலை 8 மணிக்கு டில்லி, பகல் 12.30-க்கு அடுத்த விமானம். நாலரை மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன்.

டிசம்பரில் டில்லி மூடுபனியைப் பற்றிச் செய்தித்தாளில் வருடா வருடம் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அது தன் மேல் விழும் என்று நினைப்பது வேறு. டில்லியில் ஓடுபாதை தெரியவில்லை என்று எங்கள் விமானத்தைச் சென்னையிலேயே நிறுத்தி வைத்தார்கள். மூன்றேகால் மணி நேரம் தாமதமாக, 11.15-க்கு இறங்கினோம். பெட்டிகள் வர அரை மணி. நாங்கள் இறங்கிய முனையம் வேறு, ஏற வேண்டிய முனையம் வேறு, நடுவில் பஸ். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடியபோது, விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடுகிற கவுன்ட்டர் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் எங்கள் விமானம் நின்றுகொண்டிருந்திருக்கும், பார்க்கக்கூட முடியவில்லை. முதல் நிறுவனம், "உங்களை டில்லிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோமே" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் வரவில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்றது. இரண்டும் சட்டப்படி சரி. இரண்டு பேருக்குமாக 62,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி, ஒரு நாள் கழித்துப் பறந்தோம். மனைவி அந்த ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசியது, "அந்த ஒன்பதாயிரம் எங்கே?" என்று.

ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் சென்னையில் போட்டால் டொராண்டோவில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே படித்துப் பார்த்துவிட வேண்டும். தனித்தனி டிக்கெட்தான் போட வேண்டிய நிலை வந்தால், முந்தின நாளே இடைநிலை ஊருக்குப் போய்த் தங்கிவிடுவதே மலிவு.

இரண்டாவது பேரன் பிறந்தபோது, 2024 ஜூனில், துபாய் வழியாக ஒரே டிக்கெட். அதை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் மனைவி பார்த்துவிட்டு வந்தாள். "ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 3.30-க்குக் கிளம்பி அன்றைக்கே மதியம் 2.30-க்குப் போய்விடுகிறோம். பதினோரு மணி நேரம்தான். போன தடவை நீங்கள்தான் சுற்றிக்கொண்டு போனீர்கள்" என்றாள்.

டிக்கெட்டில் அச்சிடும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். ஆகப் பதினொன்றோடு ஒன்பதரையைக் கூட்டினால் இருபதரை மணி நேரம். துபாய் வரை நாலேகால், அங்கே காத்திருப்பு இரண்டேகால், பிறகு பதினான்கு. கூட்டிப் பார்த்தால் அதே இருபதரை. பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவள் நம்பினாள். நம்பிய கையோடு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, விடியற்காலை 3.30 ஞாயிறு என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது சனிக்கிழமை இரவு. இது சிரிப்பாகத் தோன்றும். தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஞாயிறு இரவு பெட்டி படுக்கையோடு மீனம்பாக்கம் போய் நின்றது. விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. நாட்காட்டியில் கிளம்பும் தேதியை வட்டமிடாதீர்கள், வீட்டுக் கதவைப் பூட்டும் தேதியை வட்டமிடுங்கள்.

வட சென்னைக்காரர்களுக்குப் பயணத்தின் முதல் 30 கிலோமீட்டர் தனிப் படலம். விமான நிலையம் ஊரின் தெற்குக் கடைசியில். நாங்கள் வடக்குக் கடைசியில். 2019-இல் மெட்ரோ வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிட்டது. இரவு ஒன்றரை மணிக்குக் கால்டாக்சியில் கிளம்பி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த லாரிகள் போவது நான் வேலை பார்த்த அதே துறைமுகத்துக்கு. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. இப்போது காலடிப்பேட்டையில் ஏறினால் ஒரே வண்டியில், மாறாமல், ஒரு மணி நேரத்துக்குள் விமான நிலையம். (காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை; ஆங்கிலேயர் கால ஆளுநர் காலட் பெயரில் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. காலட்பேட்டை எங்கள் வாயில் காலடியாகிவிட்டது.) ஆனால் மெட்ரோ இரவு பதினோரு மணி வாக்கில் நின்றுவிடும், வெளிநாட்டு விமானங்களோ நள்ளிரவுக்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். நாலு பெரிய பெட்டிகளோடு மெட்ரோவில் ஏறவும் முடியாது. எனவே பெட்டிகளை மைத்துனன் மகனின் வேனில் ஏழரை மணிக்கே அனுப்பிவிட்டு, நாங்கள் எட்டரைக்கு மெட்ரோவில் போனோம். பெட்டிகளுக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

பெட்டி எடையில் சாமர்த்தியம் காட்டாதீர்கள். எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. மொத்தம் 46 தானே என்று ஒன்றில் 27, இன்னொன்றில் 19 வைத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். காசிமேட்டில் மீன் நிறுக்கும் நண்பரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன். விமான நிலையத் தராசுக்கும் அதற்கும் நூறு கிராம்தான் வித்தியாசம். மனைவி ஒளித்து வைத்திருந்த கொப்பரையை மட்டும் நான் வீட்டிலேயே வெளியே எடுத்துவிட்டேன். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு. கப்பலிலேயே அதை ஆபத்தான சரக்குப் பட்டியலில் வைத்திருப்பார்கள். பொடி வகைகள் கைப்பையில் வேண்டாம், பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் நேர் எதிர், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் கனடாவில் இறங்கும்போது அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை வேண்டாம் என்றால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், மறைத்தால் அபராதம்.

வீல்சேர் கேட்க மனைவி சம்மதிக்கவில்லை. "நான் என்ன நோயாளியா?" என்றாள். துபாயில் இறங்கிய இடத்திலிருந்து ஏறும் வாசல் வரை நடந்தபோது, தேரடியிலிருந்து தங்கசாலை வரை நடந்தது போல இருந்தது என்று அவளே சொன்னாள். திரும்பும்போது மறுபேச்சில்லை. டிக்கெட் போடும்போதே கேட்டுவிட்டால் கட்டணம் கிடையாது. ஆனால் வீல்சேர் பயணிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் அழைத்துப் போகிறார்கள், அதிலும் காத்திருப்பு உண்டு. இடைநிலை ஊரில் ஒரு மணி நேரம் என்று டிக்கெட் கிடைத்தால் வயதானவர்கள் எடுக்க வேண்டாம். இரண்டிலிருந்து மூன்றரை மணி நேரம் எங்கள் வயதுக்குச் சரி. அதற்கு மேல் போனால் நாற்காலியில் முதுகு வலி.

அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை காலை, இரவு என்று எழுதியிருந்தால், காலையும் இரவும் இடம் மாறும் நாளில் என்ன செய்வது? கிளம்பும் முன்பே எங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். என் இடது கைக் கடிகாரத்தை வீடு போய்ச் சேரும்வரை சென்னை நேரத்திலேயே வைத்திருந்தேன். மாத்திரை முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம், மாத்திரை தாமதமாக வரக் கூடாது.

அந்தப் பதினான்கு மணி நேரத்தில் எனக்குத் துணை எதிர் இருக்கையின் முதுகில் ஓடிய வரைபடம்தான். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. எங்கள் விமானம் அதை விலகி வளைந்தது திரையில் தெரிந்தது. உருண்டையில் நூல் காட்டிய வழி காகிதத்தில்தான். எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறதோ அதுதான் வழி. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதால், டில்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்களும் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்கு முந்தைய பயண நேரத்தை நம்பாமல் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

அதே திரையில் எதிர்க்காற்றின் வேகமும் ஓடிக்கொண்டிருந்தது. காசிமேட்டு மீனவர்கள் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள். கரைக்குத் திரும்பும் படகுக்கு அது எதிர்க்காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அந்த வடக்கு வானத்திலும் ஒரு கச்சான் அடிக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். போகும்போது அதை எதிர்த்துப் பதினான்கு மணி நேரம்; திரும்பும்போது அதே தூரம் பதின்மூன்று மணி நேரம். காற்றைப் பொறுத்து ஒரு மணி, சில நாட்களில் ஒன்றரை மணி நேரம்கூட மாறும்.

மதியம் 2.30-க்கு டொராண்டோவில் இறங்கினோம். குடிவரவு வரிசை, பெட்டி, பிறகு மருமகனின் காரில் 401 நெடுஞ்சாலை. மகள் வீடு ஸ்கார்பரோவில், நகரின் மறுகோடியில். 401-இல் வண்டிகள் ஊர்ந்ததைப் பார்த்து, "எண்ணூர் ரோடு மாதிரி இருக்கிறதே" என்றாள் மனைவி, வந்ததிலிருந்து முதல் முறையாக மலர்ந்த முகத்தோடு. வீட்டுக்குள் நுழைந்தபோது மாலை 5.15. இடது கைக் கடிகாரத்தில் திங்கள் விடியற்காலை 2.45. காலடிப்பேட்டையில் கதவைப் பூட்டியதிலிருந்து முப்பது மணி, பதினைந்து நிமிடம். அதில் வானத்தில் இருந்தது பதினெட்டேகால் மணி நேரம். மீதிப் பன்னிரண்டு மணி நேரமும் தரையில், வரிசையில், நாற்காலியில்.

"தூங்காதீர்கள் அப்பா, இருட்டும்வரை விழித்திருங்கள்" என்று மகள் விடவில்லை. ஜூனில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு எப்படியோ தாக்குப்பிடித்தேன். மனைவி ஏழு மணிக்கே சோபாவில் சாய்ந்துவிட்டாள். நான் நான்கு நாளில் தேறினேன், அவள் ஒரு வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து காபி போட்டாள். திரும்பி வந்தபோது இரண்டு பேருக்குமே பத்து நாள் ஆயிற்று. கிழக்கு நோக்கி வரும்போது உடம்பு அதிகம் முரண்டு பிடிக்கிறது. வந்த மறுநாளே கல்யாணம், கிருகப்பிரவேசம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திரும்பும் டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் '+2' என்று சின்னதாக இருக்கும், அதைக் கவனியுங்கள். செவ்வாய் இரவு பத்து மணிக்குக் கிளம்பி வியாழன் விடியற்காலை 3.20-க்குச் சென்னை. புதன்கிழமை என்று ஒன்று எங்களுக்கு வானத்திலேயே கழிந்தது. அழைத்துப் போக வருபவரிடம் கிழமையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதி செய்துகொண்டேன்.

பெட்டிகளோடு வெளியே வந்தபோது நாலேகால். மைத்துனன் மகன் வேனோடு நின்றிருந்தான். ஊர் முழுக்கக் காலியாக இருந்தது. பாரிமுனை வரை இருபத்தைந்து நிமிடம். ராயபுரம் தாண்டிக் காசிமேடு அருகே கன்டெய்னர் லாரிகளின் வரிசை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். மீன் வாசனை உள்ளே வந்தது. மனைவி கண்ணாடியை முழுதாக இறக்கினாள். கைப்பேசியில் மருமகன்: "மாமா, வீடு போய்ச் சேர்ந்துவிட்டீர்களா?"

"நங்கூரம் போட்டாயிற்று மாப்பிள்ளை. பெர்த் இன்னும் கிடைக்கவில்லை" என்று பதில் அனுப்பினேன்.